மாட்டுக் கணக்கு குதிரைக்கு ஆகாது

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். ஈரோடு மாவட்டத்துல இருந்து எழுதுறேன். அஞ்சு வருசத்துக்கு முன்னாடி அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில ஒரு மார்வாரிப் பெண் குதிரை வாங்கினோம். இப்ப அதுக்குப் பதினாலு வயசு இருக்கும். வந்த புதுசுல ஒரு குட்டி போட்டுது, அதுக்கப்புறம் சினை நிக்கவே இல்ல. போன வருசத்துல இருந்து நாலு தடவை பொலிக்கு விட்டாச்சு. ஒவ்வொரு தடவையும் பதினாலு, பதினஞ்சு நாள்லயே திரும்பப் பருவத்துக்கு வந்துடுது. வாலுக்கு அடியில வெள்ளையா காஞ்சு ஒட்டியிருக்கு. மாட்டுக்குப் பார்க்கிற ஒருத்தர் மூணு தடவை கர்ப்பப்பையில மருந்து விட்டார். ஒரு தடவை அயோடின், ரெண்டு தடவை மாட்டுக்குப் போடுற ஊசி மருந்தையே உள்ள விட்டார். பிரயோசனம் இல்ல.

பால் விக்கிறதுக்கு மூணு பெண் கழுதையும் வச்சிருக்கோம். அதுல ஒண்ணு நாலு நாளைக்கு முன்னாடி குட்டி போட்டுது. நஞ்சுக்கொடி ராத்திரி பூரா தொங்கிட்டே இருந்தது. மாட்டுக்குக் கட்டுற மாதிரி அப்பா ஒரு பழைய செருப்பைக் கட்டிவிட்டார். விடியக்காலையில விழுந்துடுச்சு. ஆனா இப்ப தீனி குறைஞ்சுபோச்சு, கெட்ட வாடை அடிக்குது. கழுதைக்கு என்ன மருந்து போடலாம்? குதிரைக்கு இனி குட்டி தங்குமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்த மதியமே போன் செய்து, கழுதையை அன்றைக்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். குட்டியையும் தாயையும் ஒரே குட்டியானை வண்டியில் ஏற்றி இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தீர்கள். அந்த அவசரம் ஏன் என்று போனில் விளக்க நேரம் இருக்கவில்லை. உங்களைப் போல் குதிரையும் கழுதையும் வளர்க்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் குதிரைக்கும் கழுதைக்கும் வந்த தொல்லை வெவ்வேறு. ஆனால் இரண்டிலும் நடந்த தவறு ஒன்று: மாட்டுக்குச் செய்வதை இவற்றுக்கும் செய்தது. உங்கள் அப்பாவையோ மருந்து விட்டவரையோ நான் குறை சொல்லவில்லை. நம் ஊரில் கைவைத்தியமும் சரி, டாக்டர்களின் கைப்பழக்கமும் சரி, பசுவையும் எருமையையும் பார்த்துத்தான் வளர்ந்தன. 2012-இல் நாடு முழுவதும் சுமார் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் 1.2 லட்சம்தான். கழுதை குறையக் குறைய, கழுதையைப் பார்த்துப் பழகிய கைகளும் குறைந்துவிட்டன. நான் படிப்பை முடித்து வேலைக்கு வந்த முதல் சில வருடங்களில் ஒரு கழுதையைக் கூடத் தொட்டதில்லை.

முதலில் கழுதை.

பசுவின் நஞ்சுக்கொடி கருப்பைக்குள் எண்பது, நூறு இடங்களில் பொத்தான் மாட்டியதுபோலப் பிடித்திருக்கும். அந்தப் பொத்தான்கள் கழல நேரம் எடுக்கும். அரை நாள் தொங்கும், சில நேரம் ஒரு நாளுக்கு மேலும் தொங்கும். பெரும்பாலான பசுக்கள் அதைத் தாங்கிக்கொண்டு மெதுவாகத் தேறிவிடும். குதிரைக்கும் கழுதைக்கும் பொத்தான் கிடையாது. கருப்பையின் உட்புறம் முழுவதும், ஒரு வெல்வெட் துணிமேல் இன்னொரு வெல்வெட்டை அழுத்தி வைத்ததுபோல, நுண்ணிய இழைகளால் கொடி பற்றியிருக்கும். குட்டி விழுந்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் அது முழுசாகக் கழன்று வந்துவிட வேண்டும். மூன்று மணி நேரம் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், நடுராத்திரியானாலும். "காலையில் பார்த்துக்கலாம்" என்பது பசுவுக்குச் செல்லும், கழுதைக்குச் செல்லாது.

குட்டி போட்ட கருப்பை வெதுவெதுப்பாக, ரத்தமும் நீரும் தேங்கி, வாய் திறந்து கிடக்கிறது. அதில் உயிரற்ற திசு கிடந்தால் பாக்டீரியா மணிக்கணக்கில் பெருகும். அவை விடும் நஞ்சு ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் ஓடும். அது போய்த் தாக்கும் இடங்களில் முக்கியமானது குளம்பு. குளம்புக்குள் இருக்கும் எலும்பை, மெல்லிய அடுக்குகள் சுவரோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. நஞ்சு ஏறினால் அந்த அடுக்குகள் வீங்கிப் பிடி தளரும். எலும்பு இறங்கிவிட்டால் அந்தக் கழுதை பிறகு சரியாக நடக்காது. லேமினைட்டிஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். கருப்பையில் தொடங்கியது காலில் வந்து முடியும்.

பல வருடங்களுக்கு முன் தர்மபுரிப் பக்கம் ஒரு மலையடிவாரத்தில் சுமைக் கழுதை ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். காலில் முள் ஏறியிருக்கும், எடுத்துவிடுங்கள் என்றார் வளர்த்தவர். போய்ப் பார்த்தால் முன்னங்கால் இரண்டையும் முன்னுக்கு நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்காலில் போட்டு நின்றது. குளம்பில் கை வைத்தேன், சூடு தெரிந்தது. குளம்புக்கு மேலே நாடி திம் திம் என்று அடித்தது. முள் எங்கேயும் இல்லை. வாலைத் தூக்கியதும் வாடை வந்தது. "எப்போ குட்டி போட்டுது?" என்று கேட்டேன். ஆறு நாள் ஆகிறது என்றார். கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கியிருந்தது. உயிரைக் காப்பாற்ற முடிந்தது. ஆனால் மலைப்பாதையில் அதனால் மறுபடி சுமை ஏற்ற முடியவில்லை. அன்றிலிருந்து குட்டி போட்ட கழுதை நொண்டுகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது வாலுக்கு அடியில்தான்.

இனி அந்தச் செருப்பு. கருப்பைக்கு இரண்டு கொம்புகள் உண்டு. கொடி பெரும்பாலும் பிடித்துக்கொள்வது குட்டி வளராத கொம்பின் நுனியில். அங்கே கொடி மெல்லியது. கீழே செருப்போ கல்லோ கட்டி இழுத்தால் கொடி கழலாது, அந்த நுனியில் கிழியும். வெளியே வந்ததைப் பார்த்து விழுந்துவிட்டது என்று நினைப்போம். கிழிந்த நுனி உள்ளே கிடந்து அழுகும். சில நேரம் பாரம் தாங்காமல் கருப்பையே புரண்டு வெளியே வந்துவிடும். உங்கள் கழுதைக்கு நடந்தது முதல் வகை. நாமக்கல்லில் கழுவியபோது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வந்தது என்று சொன்னீர்களே, அது அந்த நுனி.

அடுத்த முறை கொடி தொங்கினால் கத்தரிக்கவும் வேண்டாம், பாரம் கட்டவும் வேண்டாம். கால் பட்டு மிதிபடாமல் அதையே மேலே சுருட்டி முடிச்சுப் போட்டு விடுங்கள். மணியைப் பாருங்கள். மூன்று மணி நேரம் நெருங்கும்போதே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் போடுங்கள், அல்லது உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசினைச் சிறு அளவில், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடுவார். 450 கிலோ குதிரைக்கே ஒரு தடவைக்கு 10 முதல் 20 யூனிட் போதும். கழுதை அதில் பாதி எடை கூட இருக்காது. பசுவுக்குப் போடும் பழக்கத்தில் ஐம்பது, நூறு என்று ஒரே மூச்சில் ஏற்றினால் கருப்பை முறையாகச் சுருங்காமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும், வயிற்று வலியும் சேர்ந்துகொள்ளும்.

கொடி விழுந்ததும் அதைப் புதைக்கவோ நாய்க்குப் போகவிடவோ அவசரப்படாதீர்கள். ஒரு சாக்கை விரித்து அதன்மேல் பரப்புங்கள். பைஜாமா மாதிரி இரண்டு கால் தெரியும், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. குட்டி வெளியே வந்த ஓர் ஓட்டை மட்டும்தான் அதில் இருக்க வேண்டும். அந்த ஓட்டை வழியாக ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். சிறிய காலின் நுனியில் தண்ணீர் ஒழுகினால், அந்த அளவுக்கு உள்ளே மிச்சம் இருக்கிறது. டாக்டர் வர நேரமானால் கொடியை ஒரு வாளியில் போட்டு மூடி வைத்து அவரிடம் காட்டுங்கள். இதைவிட நல்ல பரிசோதனை எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை, செலவும் இல்லை.

உங்கள் கழுதைக்கு நாமக்கல்லில் கருப்பையை லிட்டர் கணக்கில் வெதுவெதுப்பான சலைன் விட்டுக் கழுவி எடுத்தார்கள், ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள், நஞ்சின் வேகத்தைத் தணிக்க ஃப்ளூனிக்சின் போட்டார்கள், டெட்டனஸுக்கும் ஊசி போட்டார்கள். கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிடுவார்கள். குதிரை இனத்துக்கு டெட்டனஸ் மிகச் சுலபமாக வரும், அழுகிய கருப்பை அதற்குத் தோதான வாசல். சொன்ன நாள் வரை ஊசியைத் தொடருங்கள். வாடை போய்விட்டதே என்று நடுவில் நிறுத்தாதீர்கள். பல மருந்துகளைக் கழுதையின் உடம்பு குதிரையைவிடச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். அதனால் வேளை தவறக் கூடாது.

நீங்கள் தினமும் பார்க்க வேண்டியது தீனியை. கழுதை வலியை வெளியே காட்டாது. குதிரை உருளும், கனைக்கும், வியர்க்கும். கழுதை தலையைத் தொங்கப்போட்டு மூலையில் நிற்கும், அவ்வளவுதான். அது தின்னாமல் இருந்தாலே நோய் பாதி முற்றியிருக்கிறது. அதற்கு மேல் இன்னோர் ஆபத்து. பால் கொடுக்கும் கழுதை தின்னாமல் இருந்தால், உடம்பில் உள்ள கொழுப்பு கரைந்து ரத்தத்தில் பெருகும். ரத்தத்தை எடுத்துத் தெளிய வைத்தால் மேலே நிற்கும் நீர் பால்போல வெளுத்திருக்கும். அந்த நிலைக்குப் போன கழுதை கல்லீரல் கெட்டுச் சாகலாம், கருப்பை ஆறியிருந்தாலும் கூட. அதனால் பச்சைப் புல், வெல்லத் தண்ணீர், அது விரும்பித் தின்னும் எதுவானாலும் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு நாள் முழுக்க வாய் வைக்காவிட்டால் மறுநாளுக்குக் காத்திருக்காமல் திரும்பக் கொண்டுபோங்கள். குளம்புச் சூட்டைக் காலையும் மாலையும் தொட்டுப் பாருங்கள், இன்னும் பத்து நாளைக்கு.

குட்டி போட்ட ஏழு முதல் பத்து நாளுக்குள் ஒரு பருவம் வரும். வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு, காதைப் பின்னுக்குச் சாய்த்து, வாலைத் தூக்கி நிற்கும். அந்தப் பருவத்தில் ஆண் கழுதையை அண்ட விடாதீர்கள். புண்ணான கருப்பை. அடுத்த பருவத்துக்கு முன் ஒரு தடவை ஸ்கேன் பார்த்து, உள்ளே நீர் இல்லை என்று தெரிந்த பிறகுதான்.

பாலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் என்னால் சொல்லாமல் விட முடியாது. உங்களிடம் வாங்குகிறவர்கள் அதைச் சங்கில் ஊற்றிப் பச்சைக் குழந்தைக்குப் புகட்டுகிறார்கள், காய்ச்சாமல். ஆன்டிபயாடிக் போகும் நாட்களிலும், அது முடிந்த பின் டாக்டர் சொல்லும் நாள் வரையிலும் இந்தக் கழுதையின் பால் விற்பனைக்குப் போகவே கூடாது. குதிரை, கழுதைகளின் கருப்பையில் அதிகம் காணப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூஎபிடெமிகஸ் என்ற பாக்டீரியா, காய்ச்சாத பால் வழியாக மனிதரிடம் வந்து கடுமையான நோய் கொடுத்த சம்பவங்கள் உலகத்தில் உண்டு. மற்ற இரண்டு கழுதைகளைக் கறக்கும் கை இந்தக் கழுதையின் வாலைத் தொட்ட கையாக இருக்க வேண்டாம். வருமானம் போகிறதே என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு மாதக் குழந்தைக்கு நோயைத் தாங்கும் சக்தி இல்லை. பச்சைப் பாலைப் பச்சைக் குழந்தைக்குக் கொடுப்பதே எனக்கு உடன்பாடு இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி குதிரை. அதற்கு அவசரம் இல்லை. நிதானமாகச் செய்தால்தான் பலன்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலேயே நோய் இருக்கிறது: "பதினாலு, பதினஞ்சு நாள்லயே திரும்பப் பருவத்துக்கு வந்துடுது." குதிரைக்குப் பருவச் சுழற்சி 21, 22 நாள். அதற்கு முன்பே வருகிறது என்றால், கருப்பையின் உள்சவ்வு அழற்சியில் இருக்கிறது. புண்பட்ட சவ்வு புரோஸ்டகிளாண்டின் என்ற சுரப்பை வெளிவிடும். அது சினைமுட்டைப் பையில் சினையைக் காக்கும் கட்டியைக் கரைத்துவிடும், குதிரை நாள் முந்திப் பருவத்துக்கு வந்துவிடும். வாலில் காய்ந்து ஒட்டிய வெள்ளையும் அதற்குச் சாட்சி. கருத்தரித்தாலும் அந்தச் சவ்வில் கரு நிலைக்காது.

ஆனால் கிருமி வந்தது இரண்டாவது கதை. கிருமி எப்போதும் வரும், ஒவ்வொரு முறை பொலிக்கு விடும்போதும் உள்ளே போகும். விந்தணுவே கூடக் கருப்பையில் அழற்சியைக் கிளப்பும், அது இயற்கை. ஆரோக்கியமான குதிரையின் கருப்பை ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாளில் சுருங்கிச் சுருங்கி எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். வயதான குதிரையில் கருப்பை தொய்ந்து வயிற்றுக்குள் கீழே இறங்கிவிடும், தண்ணீர் தேங்கும் பள்ளம்போல. தள்ள முடியாமல் நீர் நிற்கும், நின்ற நீரில் கிருமி தங்கும். பள்ளத்தைச் சரிசெய்யாமல் மருந்தை மட்டும் ஊற்றினால், அடுத்த முறை பொலிக்கு விட்டதும் பழையபடி நிற்கும்.

கிருமிக்கு இன்னொரு வழியும் உண்டு. நாளைக் காலை குதிரையின் பின்னால் பக்கவாட்டில் நின்று, வாலைத் தூக்கிப் பாருங்கள். உதை படாத இடத்தில் நில்லுங்கள், ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். பிறப்புறுப்பின் வாய் நேர்க்குத்தாக இருக்கிறதா, அல்லது மலத்துவாரம் உள்ளே ஒடுங்கி, வாய் மேலே பார்த்துச் சாய்ந்து படிக்கட்டுபோல இருக்கிறதா? சாய்ந்திருந்தால் லத்தி விழும்போதெல்லாம் அதில் தங்கும். இரண்டு உதட்டையும் மெதுவாக விரல்களால் விலக்குங்கள். ஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால், அந்தக் குதிரை ஒவ்வொரு அடி நடக்கும்போதும் காற்றையும் அழுக்கையும் உள்ளே உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. வயதாகி மெலிந்த குதிரையில் இது அதிகம். சந்தையில் வாங்கி ஒரு குட்டி போட்டு மெலிந்த உங்கள் குதிரையில் இதை நான் எதிர்பார்க்கிறேன். இதற்கு மருந்து கிடையாது, தையல்தான். மரத்துப்போக ஊசி போட்டு, வாயின் மேல்பகுதியின் ஓரத்தை மெல்லிய நாடாவாக வெட்டி, இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைப்பார்கள். கீழே சிறுநீர் போக வழி இருக்கும். அமெரிக்காவில் காஸ்லிக் என்ற கால்நடை மருத்துவர் 1937-இல் எழுதிய முறை அது. இன்றைக்கும் அவர் பெயரில்தான் செய்கிறோம். அரை மணி நேர வேலை. மூன்று தடவை உள்ளே மருந்து விட்ட செலவில் பாதி கூட ஆகியிருக்காது.

உள்ளே விட்ட மருந்துகளைப் பற்றி மனம் நோகாமல் கேளுங்கள். கெட்டியான அயோடின் கருப்பைச் சவ்வைச் சுட்டுவிடும், ஆறும்போது சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளலாம். மாட்டு ஊசி மருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ரோஃப்ளாக்சசினாக இருந்தால், குதிரையின் கருப்பைக்குள் அதை விடவே கூடாது, சவ்வு உரிந்து புண்ணாகிவிடும். ஜென்டாமைசின் நல்ல மருந்துதான். ஆனால் அமிலத்தன்மை உள்ளது, சோடியம் பைகார்பனேட் கலந்து சமப்படுத்தித்தான் விட வேண்டும். இன்னொன்று: திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் விட்ட கருப்பையில் பாக்டீரியா போய் அந்த இடத்தில் பூஞ்சை குடியேறிவிடும். அது வந்தால் வைத்தியம் இன்னும் நீளம். காலி பாட்டில் வீட்டில் கிடந்தால் பெயரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துப் பார்க்கும் டாக்டருக்கு அது மிகவும் தேவை.

அடுத்த பருவம் தொடங்கிய முதல் நாளே குதிரையைக் கொண்டுபோங்கள். பருவத்தில்தான் கருப்பையின் வாய் திறந்திருக்கும், அதன் சொந்த எதிர்ப்புச் சக்தியும் உச்சத்தில் இருக்கும். பருவம் இல்லாத நாளில் உள்ளே கை வைத்தால், மூடிய அறைக்குள் கிருமியை விட்டுப் பூட்டியதுபோல. முதல் நாள் ஸ்கேன். உள்ளே நீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று பாருங்கள், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் வெளியேற்றும் சக்தி குறைந்துவிட்டது. பிறகு இரட்டை உறை போட்ட ஸ்வாப்பில், அதாவது பஞ்சு சுற்றிய குச்சியில், உள்ளே இருந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். சாதாரண ஸ்வாப் போகிற வழியில் இருக்கும் அழுக்கையெல்லாம் தொட்டுக்கொண்டு வந்து பொய் சொல்லும். ஒரு பங்கு கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க, ஒரு பங்கு கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு. வெள்ளணுவும் கிருமியும் சேர்ந்து இருந்தால்தான் அது நோய். கிருமி மட்டும் வளர்ந்து வெள்ளணு இல்லையென்றால் வெளியே இருந்து ஒட்டியதாக இருக்கலாம்.

கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். பருவம் ஐந்து முதல் ஏழு நாள் இருப்பதால் அதே பருவத்திலேயே வைத்தியம் தொடங்க நேரம் கிடைக்கும். முதல் நாள் போக வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான். நான்காம் நாள் போனால் முடிவு வரும்போது வாசல் மூடியிருக்கும்.

அதிகமாக வளர்வது நான் மேலே சொன்ன ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதற்குப் பழைய பென்சிலினே பெரும்பாலும் போதும். அடுத்தது ஈ.கோலை. சிரமம் கொடுப்பவை கிளெப்சியெல்லாவும் சூடோமோனாஸும். சூடோமோனாஸ் தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பான ஒரு படலம் கட்டிக்கொண்டு உள்ளே ஒளிந்துகொள்ளும், மருந்து அதைத் தொடாது. அந்தப் படலத்தைக் கரைக்க அசிட்டைல்சிஸ்டீன் போன்றவற்றை முதலில் விட்டு, கழுவி, பிறகு அமிகாசின் மாதிரி மருந்து விடுவார்கள். எது வளர்ந்தாலும் வரிசை ஒன்று: முதலில் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் ஒரு லிட்டர் ஒரு லிட்டராக விட்டு, வெளியே வருவது தெளிவாகும் வரை கழுவ வேண்டும். சீழ் நிற்கும் இடத்தில் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பிறகு ஆக்ஸிடோசின் போட்டு மிச்சத்தை வெளியேற்ற வேண்டும். அதன்பின் மருந்து, மூன்று முதல் ஐந்து நாள். வாய் வழியாகவோ ஊசியாகவோ லிங்கோமைசின் மட்டும் குதிரைக்கு வேண்டவே வேண்டாம். அது குடலைக் கெடுத்து ஆளையே கொன்றுவிடும்.

இந்தப் பருவத்தில் பொலிக்கு விடாதீர்கள். ஒரு பருவத்தை விட்டுக்கொடுங்கள்.

அதற்கு அடுத்த பருவத்தில் ஸ்கேனும் ஸ்வாப்பும் சுத்தமாக இருந்தால் விடலாம், ஒரே ஒரு தடவை. வழக்கமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மூன்று நான்கு தடவை விடுவீர்கள். உங்கள் குதிரைக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு புதுத் தொற்று. முட்டை இருக்கும் நீர்க்கொப்புளம் 35 மில்லிமீட்டரைத் தாண்டிய பிறகு, வெடிக்க வைக்கும் ஊசியைப் போட்டு நாளைக் கணித்து, ஒரு முறை விட்டால் போதும். விந்தணு நாலு மணி நேரத்துக்குள் கருக்குழாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கருப்பையைக் கழுவினாலும் கருவுக்குக் கெடுதல் இல்லை. அதன்பின் நாலு முதல் ஆறு மணிக்கு ஒரு தடவை சிறு அளவு ஆக்ஸிடோசின், மறுநாள் ஸ்கேன். குதிரையை ஒரே இடத்தில் கட்டி வைக்காமல் நடத்திக் கூட்டிப் போங்கள். நடை கருப்பைக்கு நல்லது, நீர் இறங்க உதவும்.

பொலி குதிரையையும் மறக்க வேண்டாம். கிளெப்சியெல்லா அல்லது சூடோமோனாஸ் வளர்ந்தால், அது அந்தப் பொலியிடமிருந்து வந்திருக்கலாம், அல்லது நீங்கள் அதற்குக் கொடுத்திருக்கலாம். உரிமையாளரிடம் பேசி அதற்கும் ஸ்வாப் எடுக்கச் சொல்லுங்கள். பொலியைச் சோப்பும் டெட்டாலும் போட்டுக் கழுவும் பழக்கம் இருக்கிறது. அது தோலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று, சூடோமோனாஸுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீர் போதும். 1977-இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் டெய்லரெல்லா என்ற புதிய பாக்டீரியா பெண் குதிரைகளிடையே பரவியபோது, அதைச் சுமந்து கொடுத்தவை எந்த நோய்க் குறியும் இல்லாத பொலி குதிரைகள்தான். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கிருமியைப் பிறகு ஆண் கழுதைகளிடம் கண்டார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பதை வைத்துப் பொலியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

குட்டி தங்குமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்போது என்னால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. சொல்ல ஒரு வழி இருக்கிறது. கருப்பைச் சவ்வில் மொச்சைக்கொட்டை அளவு ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். குதிரைக்கு அதில் வலி அதிகம் இல்லை. தழும்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்து நான்கு தரமாகப் பிரிப்பார்கள். முதல் தரத்தில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு குதிரைகள் குட்டி போடும். இரண்டாவதில் ஐம்பதிலிருந்து எண்பது. மூன்றாவதில் பத்திலிருந்து ஐம்பது. கடைசித் தரத்தில் பத்துக்கும் குறைவு. பதினாலு வயது, மூன்று தடவை கடும் மருந்து, ஒரு வருடத் தொற்று இவற்றை வைத்துப் பார்த்தால் உங்கள் குதிரை நடுவில் எங்கேயோ இருக்கும் என்பது என் ஊகம். கடைசித் தரம் என்று வந்தால், இன்னொரு பொலிச் செலவு செய்யாமல் அதைச் சவாரிக்கும் வண்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். குட்டி போடாததால் அதன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

தையல் போட்டுச் சினை நின்றால், ஒரு தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். குதிரைக்குச் சினைக்காலம் சுமார் 340 நாள். 320-ஆம் நாளுக்குள் டாக்டரை வரவழைத்து அந்தத் தையலைப் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் குட்டி வரும்போது கிழியும். பொலிக்கு விட்ட அன்றே அந்தத் தேதியைக் கணக்குப் போட்டுக் கொட்டகைச் சுவரில் கரியால் பெரிதாக எழுதி வையுங்கள். உங்கள் அப்பாவிடமும் சொல்லி வையுங்கள்.